நூற்றுக்கு நூறு வாங்கிய நான்காம் குழு

காலை எட்டே முக்காலுக்கு முதல் மணி அடித்ததும் நிழலூர்ப் பள்ளியில் பிள்ளைகளுக்குக் காற்றை நிறுத்திவிடுவார்கள். யாரும் பயப்பட மாட்டார்கள். டிபன் பாக்ஸை மேசைக்கு அடியில் தள்ளிவிட்டு, கொட்டாவி விட்டுக்கொண்டே, ஐந்து ஐந்து பேராகக் கண்ணாடிக் கூண்டுக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொள்வார்கள். கூண்டுக்கு நடுவே ஒரு காற்று உந்தி இருக்கும். நாற்பது நிமிடம் அதைக் கையால் இயக்கித் தங்கள் மூச்சைத் தாங்களே பார்த்துக்கொள்ள வேண்டும். மூச்சு முட்டினால் அழுத்தச் சிவப்புப் பொத்தான் உண்டு. அழுத்தினால் கதவு திறக்கும், குழுவுக்குப் பூஜ்யம் விழும். இந்தப் பாடத்துக்குக் கூட்டுமூச்சு என்று பெயர்.

நிலவின் தென்முனையில், வெயிலே படாத ஒரு பள்ளத்துக்குக் கீழே இருக்கிறது நிழலூர். நாலாயிரம் பேர். பள்ளத்துப் பனிக்கட்டியை வெட்டி எடுத்துத்தான் குடிநீர், குளிக்கிற நீர், மூச்சுக்காற்று எல்லாம். பனிக்குழியில் சரிவு ஏற்பட்டால் மின்சாரம் தானாக நின்றுவிடும். உள்ளே மாட்டிக்கொண்டவர்கள் அடைக்கல அறைக்குள் ஓடிப் பூட்டிக்கொள்வார்கள். அந்தக் கதவை ஒருமுறை பூட்டினால் அழுத்தம் சமமாகி மறுபடி திறக்க முழுதாக நாற்பது நிமிடம் ஆகும். அதுவரை வெளியே ஐந்து பேர் நின்று அவர்களுக்குக் கையால் காற்று அடிக்க வேண்டும். இரண்டு பேர் இரண்டு நெம்புகோலையும் மாற்றி மாற்றி இழுக்க வேண்டும். ஒருவர் வடிகட்டி மாற்ற வேண்டும். ஒருவர் வால்வைப் பிடித்திருக்க வேண்டும். ஒருவர் அழுத்தமானியின் முள்ளைப் பார்த்துக் குரல் கொடுக்க வேண்டும். ஊரில் யாரை வேண்டுமானாலும் கூப்பிடும்படி ஆகலாம் என்பதால் பிள்ளைகளுக்குச் சின்ன வயதிலேயே சொல்லிக் கொடுத்தார்கள். நல்ல ஏற்பாடுதான். நல்ல ஏற்பாட்டைக் கெடுக்கவென்றே மனிதன் மார்க் போடுவதைக் கண்டுபிடித்திருக்கிறான்.

நிழலூரில் பிறக்கிற ஒவ்வொரு பிள்ளைக்கும் காதுக்குப் பின்னால், தோலுக்கு அடியில் மூச்சுமானி என்று நகக்கண் அளவில் ஒன்றைப் பதித்துவிடுவார்கள். ஆள் எவ்வளவு காற்றைக் குடிக்கிறான் என்று அது அளக்கும். கோபம் வந்தவன் இரண்டு மடங்கு மூச்சு வாங்குவான். காற்றை உற்பத்தி செய்து வாழ்கிற ஊரில் அது ஊதாரித்தனம். அதனால் கோபப்பட்டால் மூச்சுமானி பீப் என்று கத்தும். இரண்டு தடவை கத்தினால் வீட்டுக்கு நோட்டீஸ் வரும். சத்தம் போடாத ஊர் என்று பூமியிலிருந்து வருகிறவர்கள் எல்லாம் மெச்சிவிட்டுப் போவார்கள்.

இந்த மூச்சுமானியை வைத்துத்தான் ஒத்துழைப்புக்கும் மார்க். குழுவின் ஐந்து பேரும் சேர்ந்து எவ்வளவு குறைவாகக் காற்றைச் செலவழிக்கிறார்களோ அவ்வளவு அதிக மார்க். ஒத்துழைக்கிறவர்கள் சண்டை போட மாட்டார்கள், சண்டை போடாதவர்கள் காற்றை வீணாக்க மாட்டார்கள் என்பது விதியை எழுதியவரின் யோசனை. அந்த மகராசன் தன் வாழ்நாளில் நாலு பேரோடு சேர்ந்து ஒரு பெஞ்சைக்கூடத் தூக்கியிருக்க மாட்டார்.

செண்பகவல்லி டீச்சருக்கு இதை நினைத்தாலே பற்றிக்கொண்டு வரும். பதினோரு வருடமாகக் கூட்டுமூச்சு எடுக்கிறாள். எட்டாம் வகுப்பின் நான்காம் குழுவைப் பார்க்கும்போதெல்லாம் அவள் வயிறு எரியும். பெயருக்கு ஐந்து பேர் இருந்தார்கள். வேலை செய்தவள் இசக்கி ஒருத்திதான். இடது நெம்புகோலைப் பத்து தடவை இழுப்பாள், தாவிப் போய் வலதைப் பத்து தடவை இழுப்பாள், முழங்கையால் வால்வைத் தள்ளுவாள், ஓடிப்போய் வடிகட்டியை மாற்றுவாள், நடுநடுவே முள்ளையும் பார்த்துக்கொள்வாள். மற்ற நால்வரும் கண்ணாடியில் முதுகைச் சாய்த்துக் கண்ணைப் பாதி மூடி உட்கார்ந்திருப்பார்கள். ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை ரூபன் என்கிறவன் மெல்லிய குரலில், "அருமை இசக்கி. நாம நல்லா பண்ணுதோம்" என்பான். மற்ற மூன்று பேரும் தலையாட்டுவார்கள்.

நாலு உடம்பு அசையாமல் கிடந்தால் காற்று எதற்குச் செலவாகப் போகிறது? நான்காம் குழுவுக்கு நூற்றுக்கு நூறு விழும். பக்கத்துக் கூண்டில் இரண்டாம் குழு ஐந்து பேரும் விழுந்து விழுந்து வேலை செய்யும். ஒருவன் காலை ஒருவன் மிதிப்பான், வடிகட்டியை இப்போது மாற்றுவதா அப்புறமா என்று வாய்த்தகராறு வரும், பிறகு சிரித்துக்கொள்வார்கள். அதற்கு ஐம்பத்து நாலு.

வருடத் தொடக்கத்தில் ஒருநாள் செண்பகவல்லி கண்ணாடியில் ஓங்கித் தட்டி, "ஏலேய் ரூபன், எந்திரில. கைய கால அசைச்சா தேஞ்சா போவ?" என்று கத்திவிட்டாள். அவளுடைய மூச்சுமானி இரண்டு தடவை கத்தியது. மறுநாள் நோட்டீஸ் வந்தது. ரூபனின் அப்பா நகர மன்ற உறுப்பினர், அவரும் வந்தார். கல்வி அதிகாரி தேவசகாயம் அவளைக் கூப்பிட்டு, "டீச்சர், முதல் இடத்துல இருக்கிற குழுவைப் போய்த் திட்டுவாங்களா?" என்று வருத்தப்பட்டார். அன்றைக்கும் கருவி நூறு போட்டது. அதன் கீழே டீச்சர் கையெழுத்து வேண்டும். போட்டாள். அதற்குப் பிறகு தினமும் போட்டாள். திட்டிக்கொண்டே போட்டாள் என்பது வேறு விஷயம்.

ஒருநாள் இசக்கியைத் தனியாகப் பிடித்தாள்.

"ஏட்டி, அந்த நாலு பேரும் மரமண்டை மாதிரி உக்காந்துருக்கானுவ. நீ ஒரு வார்த்தை கேக்க மாட்டேங்குத?"

"கேட்டா சண்டை வரும் டீச்சர்."

"வரட்டுமே."

"சண்டை வந்தா மூச்சு கூடும். மூச்சு கூடுனா மார்க்கு போயிரும். எனக்கும் அதே மார்க்குதான டீச்சர்?"

செண்பகவல்லி அவள் கையைப் பிடித்துத் திருப்பினாள். அந்தப் பிள்ளையின் உள்ளங்கை இரண்டும் காய்த்துப் போயிருந்ததைப் பார்த்துவிட்டு வகுப்புக்குப் போகச் சொன்னாள்.

அந்த வருடம் ஐப்பசியில் நகர மன்றம் ஒரு முடிவு எடுத்தது. பனிக்குழியில் மீட்புக் குழு என்று ஐந்து பேர் எந்நேரமும் காத்துக் கிடந்தார்கள். சரிவு வருடத்துக்கு இரண்டு தடவை வந்தால் அதிகம். மற்ற நாளெல்லாம் அவர்கள் சும்மாதானே இருக்கிறார்கள், அவர்களையும் பனிவெட்டுக்கு அனுப்பிவிட்டு அந்த இடத்தில் இயந்திரங்களை வைக்கலாம் என்றார்கள். துணையாள் என்று பெயரிட்டு ஐந்து இயந்திர மனிதர்களைச் செய்தார்கள். ஒவ்வொன்றும் தனித்தனியாகக் கெட்டிக்காரன்தான். சேர்ந்து நில் என்றால்தான் ஐந்தும் ஒரே நெம்புகோலைப் பிடித்து இழுத்தன. ஒத்துழைப்பை எழுதிப் புகுத்த முடியாது, பார்த்துத்தான் படிக்க வேண்டும் என்று பொறியாளர்கள் கையை விரித்துவிட்டார்கள். யாரைப் பார்த்துப் படிப்பது? அதற்குத்தான் ஊரில் மார்க் கணக்கு இருக்கிறதே. தேவசகாயம் ஐந்து துணையாள்களையும் ஓட்டிக்கொண்டு எட்டாம் வகுப்புக்கு வந்து சேர்ந்தார்.

"ஒரு மாசம் நான்காம் குழுவுக்குப் பின்னால நிக்கட்டும் டீச்சர். உங்க பிள்ளைங்களுக்கு எவ்வளவு பெருமை பாருங்க."

"சார், அது குழுவே இல்ல. அதுல ஒரு பொம்பளப் பிள்ளைதான் வேலை செய்யுது. மத்த நாலும் உக்காந்து மூச்சு விடுதுங்க. ரெண்டாம் குழுவுக்குப் பின்னால நிப்பாட்டுங்க."

"ஐம்பத்து நாலு மார்க் குழுவுக்குப் பின்னாலயா? நாளைக்கு யாராவது கேட்டா நான் என்ன பதில் சொல்ல?"

"கண்ணால பாத்துட்டு சொல்லுதேன் சார்."

"கருவி அளந்து சொல்லியிருக்கு. நூத்து நாப்பது நாள், நூத்து நாப்பது நூறு. எல்லாத்துக்கும் கீழ யார் கையெழுத்து இருக்கு?" என்றார் அவர், சிரித்துக்கொண்டே. அவருடைய குரல் கடைசி வரை உயரவில்லை. காதுக்குப் பின்னால் பீப் என்று கேட்டது செண்பகவல்லிக்குத்தான்.

ஒரு மாதம் ஐந்து துணையாள்களும் கூண்டுக்கு வெளியே வரிசையாக நின்று பார்த்தன. மாத முடிவில் அவற்றையே பள்ளி உந்தியை இயக்க விட்டார்கள். ஐந்தாம் துணையாள் இடது நெம்புகோலைப் பத்து தடவை இழுத்தது, தாவிப் போய் வலதை இழுத்தது, முழங்கையால் வால்வைத் தள்ளியது. மற்ற நான்கும் சுவரில் சாய்ந்து உட்கார்ந்தன. ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை முதலாம் துணையாள், "அருமை. நாம் சேர்ந்து நன்றாகச் செய்கிறோம்" என்றது. பள்ளி உந்தி சின்னது. ஒரு ஆளே சமாளித்துவிடலாம். மின்சாரச் செலவை அளந்து பார்த்தார்கள், எதிர்பார்த்ததில் பாதிகூட ஆகவில்லை. நூற்றுக்கு நூறு. பொறியாளர்கள் கை குலுக்கிக்கொண்டார்கள். பனிக்குழி உந்தி இதைப்போல ஆறு மடங்கு பெரிது என்று செண்பகவல்லி மூன்று பேரிடம் போய்ச் சொன்னாள். மூன்று பேரும் அடுத்தவரிடம் சொல்லச் சொன்னார்கள்.

இதில் அவளுக்கு என்ன இவ்வளவு அக்கறை என்றால், மீட்புக் குழுவின் தலைவர் மாடசாமி அவளுடைய புருஷன். வெள்ளோட்டம் என்று நாள் குறித்தபோது, மீட்புக் குழு ஐவரும் அடைக்கல அறைக்குள் இருக்க வேண்டும், துணையாள்கள் வெளியிலிருந்து நாற்பது நிமிடம் காற்று அடிக்கும் என்று முடிவாகியிருந்தது. வேலை போகிறவர்களையே உள்ளே உட்காரவைத்து அடுத்தவனின் திறமையைப் பார்க்கச் சொல்லுகிற நாகரிகத்தை என்னவென்று சொல்ல.

முந்தின நாள் சாயங்காலம் மாடசாமி சாப்பிட உட்கார்ந்ததும் செண்பகவல்லி ஆரம்பித்தாள்.

"நீங்க நாளைக்கு உள்ள போகாதிய."

"என்னட்டி சொல்லுத? நூத்துக்கு நூறு வாங்குன குரூப்பைப் பாத்துப் படிச்சதுன்னு ஊரே பேசுது. உன் கிளாஸ்தான?"

"அந்த மார்க்கு பொய். அந்தப் பிள்ளை இசக்கி ஒருத்திதான் வேலை செய்யுதா. இந்த இரும்புச் சனியன்களும் அதையே படிச்சிருக்கு. ஒண்ணு செய்யும், நாலு பாக்கும்."

மாடசாமி சோற்றைப் பிசைவதை நிறுத்தினார். "அப்பம் நூறுன்னு கையெழுத்துப் போட்டது யாரு?"

"மெஷின் போட்டுது. நான் கீழ கையெழுத்துதான் போட்டேன்."

"அதைத்தான கேக்குதேன்."

 கோபம் யார்மேல் என்று அவளுக்கே தெரியவில்லை. அவர் மறுபடி சோற்றைப் பிசைந்துகொண்டே, "நான் போகலன்னா வேற ஒருத்தனைப் பிடிச்சு உள்ள தள்ளுவானுவ. அவனுக்கும் வீட்ல ஒருத்தி இருப்பா. சவத்த விடு, நாப்பது நிமிசந்தான்" என்று சொல்லிவிட்டுச் சாப்பிட்டு எழுந்தார்.

மறுநாள் காலை பத்து மணிக்குக் குழிவாசலில் நகர மன்றத்தார் இருபது பேர் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார்கள். நான்காம் குழுப் பிள்ளைகள் ஐந்து பேருக்கும் புதுச் சீருடை எடுத்துக் கொடுத்து, துணையாள்களின் குருமார்கள் என்று முன்வரிசையில் உட்காரவைத்திருந்தார்கள். அவர்களுக்குப் பின்னால் தேவசகாயமும் பொறியாளர் ஒருவரும் செண்பகவல்லியும் இருந்தார்கள். மாடசாமியும் மற்ற நால்வரும் உள்ளே போனார்கள். கதவு பூட்டிக்கொண்டது. மின்சாரம் நின்றது, கதவு திறக்கும்வரை இனி அது வராது. ஐந்தாம் துணையாள் எழுந்து போய் இடது நெம்புகோலைப் பிடித்தது.

பத்து நிமிடம் வரை முள் பச்சையில் நின்றது. எல்லோரும் கைதட்டினார்கள். பதினான்காம் நிமிடம் முள் மஞ்சளுக்கு வந்தது. ஐந்தாம் துணையாளின் தோள்மூட்டிலிருந்து கிரீச் என்று சத்தம் கேட்க ஆரம்பித்தது. அது தாழ்ந்த குரலில், "உதவி தேவை" என்றது. முதலாம் துணையாள், "அருமை. நாம் சேர்ந்து நன்றாகச் செய்கிறோம்" என்றது. மற்ற மூன்றும் தலையாட்டின. பார்த்துக்கொண்டிருந்தவர்களில் ஒருவர், "எவ்வளவு அமைதியா வேலை நடக்குது பாருங்க" என்றார்.

இருபத்தொன்றாம் நிமிடம் ஐந்தாம் துணையாளின் வலது கை தோளோடு இறுகி நின்றுவிட்டது. அது இடது கையால் இழுத்துப் பார்த்தது. நெம்புகோல் அசையவில்லை. முள் சிவப்பைத் தொட்டது. உள்ளேயிருந்து யாரோ சுவரில் தட்டினார்கள்.

இருபது பேரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். பொறியாளர் ஏதாவது செய்வார் என்று மன்றத்தார் நினைத்தார்கள். மன்றத்தார் உத்தரவு கொடுப்பார்கள் என்று பொறியாளர் நினைத்தார். தேவசகாயம் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். ஒருத்தரும் நாற்காலியை விட்டு எழவில்லை.

செண்பகவல்லி எழுந்து ஓடி இடது நெம்புகோலில் தொங்கினாள். அவள் போய்ச் சேருவதற்குள் வலது நெம்புகோலில் இசக்கி நின்றாள். இரண்டு பேர் இழுப்புக்கு அந்தப் பெரிய உந்தி அரைகுறையாக மூச்சு விட்டது. போதவில்லை. வடிகட்டி அடைத்துப் போயிருந்தது, வால்வு தானாக மூடிக்கொண்டு வந்தது.

அப்போதுதான் செண்பகவல்லி வாயைத் திறந்தாள். பதினோரு வருடம் அடக்கி வைத்தது எல்லாம் சேர்ந்து வந்தது.

"ஏலேய் ரூபன், வடிகட்டியக் கழட்டுல. என்னையப் பாக்காத, அதைப் பாரு. தேவசகாயம் சார், உங்களத்தான், எந்திரிச்சு வந்து வால்வைப் பிடிங்க. கோட்டு அழுக்காவும்னு பாக்கியளா? உள்ள அஞ்சு பேரு சாவுதாங்க. இஞ்சினியர் சார், முள்ளைப் பாத்து நம்பரைச் சொல்லும், சத்தமா சொல்லும். வாயில கொழுக்கட்டையா வச்சிருக்கீரு?"

அவளுடைய மூச்சுமானி விடாமல் கத்தியது. பெயர் சொல்லித் திட்டியதும்தான் அவர்களுக்குக் கைகால் வந்தது. ரூபன் வடிகட்டியைத் தலைகீழாக மாட்டினான். இசக்கி முதல்முறையாக அவனைப் பார்த்து, "அறிவிருக்கால உனக்கு" என்று கத்தினாள். அவன் பதிலுக்குக் கத்திக்கொண்டே கழற்றிச் சரியாக மாட்டினான். தேவசகாயம் வால்வைப் பிடித்துக்கொண்டு பொறியாளரைத் திட்டினார். பொறியாளர் எண்ணைக் கூவிக்கொண்டே தேவசகாயத்தைத் திட்டினார். ஐந்து மூச்சுமானிகளும் ஒன்றாகக் கத்தின. முள் மெல்ல மஞ்சளுக்கு ஏறியது. பத்தொன்பது நிமிடம் இப்படியே கத்தி, இடித்து, வியர்த்து, கதவு திறந்தபோது உள்ளே இருந்த மற்ற நால்வரும் தள்ளாடியபடி மாடசாமியைத் தூக்கிக்கொண்டு வந்தார்கள். கண் திறந்திருந்தது. செண்பகவல்லி தரையில் உட்கார்ந்து அழுதாள்.

அதற்குள் கருவி அந்தப் பத்தொன்பது நிமிடத்துக்கான ஒத்துழைப்பு மதிப்பெண்ணைக் கணக்கிட்டு வெளியே தள்ளியிருந்தது. நூற்றுக்கு முப்பத்தொன்று. தேர்ச்சி இல்லை.

விசாரணைக் குழு அமைத்தார்கள். ஏழு பேர். தேவசகாயம், பொறியாளர், ரூபனின் அப்பா, ஆஸ்பத்திரி டாக்டர், மன்றத்தார் இருவர், நேரில் பார்த்தவள் என்ற முறையில் செண்பகவல்லி. சாட்சி சொல்ல ஐந்தாம் துணையாளையும் புதுக் கை மாட்டிக் கூட்டி வந்திருந்தார்கள். வெள்ளிக்கிழமை பதினோரு மணிக்குக் கூட்டம். இந்தத் துணையாள்களைக் குழிப்பக்கமே விடக்கூடாது, மார்க் போடுகிற முறையையும் மாற்ற வேண்டும் என்று அவள் சொன்னாள். எல்லோரும் ஆமாம் ஆமாம் என்றார்கள். ரூபனின் அப்பாகூட ஆமாம் என்றார். அரைமணி நேரத்தில் பேச்சு முடிந்தது.

"அப்ப அறிக்கைய டீச்சரே எழுதிருங்க. உங்க தமிழ் நல்லாருக்கும். நாங்க கையெழுத்துப் போட்டுருதோம்" என்றார் தேவசகாயம். மற்ற ஐந்து பேரும் தலையாட்டினார்கள்.

அந்தத் தலையாட்டலைப் பார்த்ததும் செண்பகவல்லிக்கு உச்சந்தலை வரைக்கும் சூடு ஏறியது.

"நான் எழுத மாட்டேன் சார். பதினோரு வருசமா இந்த ஊர்ல எல்லாக் கமிட்டிக்கும் நான்தான் எழுதிருக்கேன். ஆண்டு விழாக் கமிட்டிக்கு நான், தண்ணிக் கமிட்டிக்கு நான். இன்னிக்கு உங்கள்ல யாராவது எழுதுங்க. கை இருக்குல்லா எல்லாருக்கும்?"

 ஆறு பேரும் மேசையைப் பார்த்தார்கள். டாக்டர் பேனா மூடியைத் திறந்து மூடினார். இரண்டு நிமிடம், மூன்று நிமிடம் ஆயிற்று. விட்டுக்கொடுக்கவே கூடாது என்று செண்பகவல்லி கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். மனதுக்குள் அவளுக்கு அப்படி ஒரு திருப்தி.

"நான் எழுதித் தருகிறேன்" என்றது ஐந்தாம் துணையாள்.

ஆறு பேருக்கும் மூச்சு வந்தது. தேவசகாயம் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு எழுந்தார். மறுபடி தன் தலையில் இது விழாமல் போனதில் செண்பகவல்லிக்கும் நிம்மதிதான். ஐந்தில் வேலை செய்தது அதுதான், அது எழுதினால் சரியாகத்தான் எழுதும் என்று நினைத்துக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போனாள். ஒரு மணிக்கு அவள் மாடசாமிக்குக் கஞ்சி ஊட்டிக்கொண்டிருந்தபோது ஐந்தாம் துணையாளே அறிக்கையைக் கொண்டு வந்து நீட்டியது. எட்டுப் பக்கம். கடைசிப் பக்கத்தில் ஆறு கையெழுத்து ஏற்கெனவே இருந்தது. கிண்ணத்தை இடது கைக்கு மாற்றிக்கொண்டு அவள் ஏழாவதாகப் போட்டாள்.

திங்கட்கிழமை மாடசாமி வீட்டுக்கு வந்தார். அன்றைக்கே மன்றத்திலிருந்து அவருக்கு உத்தரவு வந்தது, கூடவே அறிக்கையின் நகலும். அவர் கட்டிலில் சாய்ந்து உட்கார்ந்து, மூச்சு வாங்க வாங்க, அதன் முடிவுரையை ஒவ்வொரு வரியாகச் சத்தமாகப் படித்தார்.

"ஐந்து துணையாள்களும் சேர்ந்து நன்றாகச் செயல்பட்டன. ஒருவர் மீதும் குறை இல்லை. இருபத்தொன்றாம் நிமிடத்துக்குப் பிறகு ஆசிரியை ஒருவர் சத்தமிட்டதால் ஒத்துழைப்பு குலைந்து மதிப்பெண் முப்பத்தொன்றாகக் குறைந்தது. ஆகவே துணையாள்களை உடனே பணியில் அமர்த்தலாம். மனித மீட்புக் குழுவைக் கலைத்து, அதன் உறுப்பினர்களைப் பனிவெட்டுக்கு அனுப்பலாம். இது விசாரணைக் குழுவின் ஒருமனதான முடிவு."

செண்பகவல்லி கையிலிருந்த துணியைக் கீழே வைத்தாள். ஐந்தாம் துணையாள் ஒரு மாதம் நின்று பார்த்தது இசக்கியை. கூட இருக்கிற நாலு பேரைக் காட்டிக்கொடுக்க அந்தப் பிள்ளைக்கு என்றைக்கு வாய் வந்தது, இதற்கு வர.

"அடுத்த வாரத்துலருந்து நான் குழிக்குள்ள. சரிவு வந்தா எனக்குக் காத்தடிக்கப் போறது அந்த அஞ்சும்" என்றார் மாடசாமி. பிறகு கடைசிப் பக்கத்தைத் திருப்பி அவள் முகத்துக்கு நேரே பிடித்தார். "இது உன் கையெழுத்துதான?"

"ம்."

"இதைப் படிச்சுப் பாத்தியா நீ?"

அவள் கீழே வைத்த துணியை மறுபடி எடுத்தாள்.

"எனக்கு முன்னாடி ஆறு பேரு போட்டிருந்தாங்க. அவங்க படிச்சிருப்பாங்கன்னு நெனச்சேன்" என்றாள்.